குலுக்குவதற்கு முன்: வேதிப்பொறியியல் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஏப்ரலில் உங்கள் புராஜெக்ட் வைவாவுக்கு வெளிக் கல்லூரியிலிருந்து வந்து, ஆறிப்போன வடையைத் தின்றுகொண்டே கேள்வி கேட்பார்களே, அந்த ஆட்களில் நானும் ஒருவன். எந்த ஊர்க் கல்லூரிக்குப் போனாலும் ஆய்வகத்தின் ஒரு மூலையில் அது நிற்கும்: இடுப்புயரப் பெர்ஸ்பெக்ஸ் குழாய், அடியில் ஸ்பார்ஜர், பக்கத்தில் ஒரு ரோட்டாமீட்டர், தட்தட்டென்று அலறும் சின்னக் கம்ப்ரசர். குமிழித் தூண். சமீப காலமாக அதோடு இன்னொரு உறுப்பினரும் சேர்ந்திருக்கிறார். குழாயின் இடுப்பிலோ காலிலோ கவ்வி மாட்டிய அதிர்வு மோட்டார். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே முடிவு: அதிர்வு கொடுத்தால் மாஸ் டிரான்ஸ்ஃபர் கூடுகிறது.

கூடுகிறது என்பது பொய்யில்லை. ஏன் கூடியது, எது கூடியது, கூடியதற்கு என்ன விலை கொடுத்தோம் என்று கேட்டால்தான் மேசைக்கு அந்தப் பக்கம் மௌனம். மார்க் போடும் நேரத்தில் இதைப் பேச முடியாது. நீங்கள் தலைப்புத் தேடும் ஜூலை மாதத்தில் பேசினால் ஒரு சிலருக்காவது உதவும் என்றுதான் இந்த மடல்.

அடிப்படையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கே.எல்.ஏ. என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோமே, அது இரண்டு சங்கதிகளின் பெருக்கல். கே.எல். என்பது குமிழியின் தோலைத் தாண்டி ஆக்சிஜன் தண்ணீருக்குள் இறங்கும் வேகம். ஏ என்பது ஒரு கன மீட்டர் தண்ணீரில் இருக்கும் குமிழித் தோலின் மொத்தப் பரப்பு. பரப்பை உள்ளிருக்கும் காற்றின் பங்கும் குமிழியின் விட்டமும் தீர்மானிக்கின்றன. 4 மில்லிமீட்டர் குமிழியை 2 மில்லிமீட்டர் ஆக்கினால், அதே காற்றுக்குப் பரப்பு இரட்டிப்பு. ஆக மூன்று வாசல்கள்: குமிழியைச் சிறிதாக்கு, உள்ளே அதிக நேரம் நிறுத்து, தோலடித் தண்ணீரை அடிக்கடி மாற்று. அதிர்வு மூன்று வாசலையும் தட்டும். ஆனால் ஒவ்வொன்றையும் வெவ்வேறு விதமாகத் தட்டும். அங்கேதான் சுவாரசியம், அங்கேதான் குழப்பமும்.

முதலில் நிறுத்துவதைப் பார்ப்போம். தண்ணீர்த் தூணை மேலும் கீழுமாக வேகமாக ஆட்டினால் குமிழி மேலே ஏறாமல் அப்படியே நிற்கும். இன்னும் பலமாக ஆட்டினால் கீழே முங்கும். காற்றுக்குமிழி, கல் மாதிரி, தண்ணீரில் முங்கும். நான் முதன்முதலில் பார்த்தபோது ஏதோ கண்கட்டு என்றே நினைத்தேன்.

காரணம் எளிது. லிஃப்ட் மேல்நோக்கிக் கிளம்பும்போது உங்கள் உடம்பு கனக்கிறதல்லவா? தூணும் மேல்நோக்கி முடுக்கப்படும் கணத்தில் தண்ணீர் கனக்கிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது, குமிழி சுருங்குகிறது. மிதப்புவிசை பலமாக இருக்கும் அந்த நேரத்தில்தான் குமிழி சின்னதாக இருக்கிறது. அடுத்த அரைச் சுற்றில் தூண் புவியீர்ப்பையும் மிஞ்சிக் கீழே இழுக்கப்படும்போது மேலும் கீழும் இடம் மாறுகின்றன. மிதப்பு கீழ்நோக்கித் தள்ளுகிறது. அப்போது பார்த்துக் குமிழி உப்பியிருக்கிறது. சாதகக் காற்றில் பாயைச் சுருட்டி, எதிர்க்காற்றில் பாயை விரிக்கும் படகோட்டி எங்கே போய்ச் சேருவான்? குமிழியும் அங்கேதான் போகிறது.

கணக்கும் ஒரு பக்கத்தில் முடியும். மேலே திறந்த தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்தில் ஒரு தனிக் குமிழி. 50 ஹெர்ட்ஸில் ஆட்டினால், சுமார் அரை மில்லிமீட்டர் வீச்சிலேயே அது நின்றுவிடும். அரை மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். அந்த அதிர்வெண்ணில் அது புவியீர்ப்பைப் போல் 5 மடங்கு முடுக்கம். அந்த நிற்கும் இடமும் நிலையான இடமல்ல. அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கும் குமிழி மேலேறிவிடும், கொஞ்சம் கீழே இருப்பது இன்னும் கீழே போகும். ஆழம் கூடக் கூட, கீழே தள்ளும் கை பலமாகிறது. மலை முகட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி.

இதை முதலில் கவலையோடு பார்த்தவர்கள் ராக்கெட்காரர்கள். எரிபொருள் தொட்டி அதிர்ந்து, அதில் உள்ள வாயுக்குமிழிகள் அடியில் போய்ச் சேர்ந்தால் என்னவாகும்? 1956-இல் பிளெய்க் இதற்கான கணிதத்தைத் தந்தார். 1962-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து புக்கானன், ஜேம்சன் கூட்டணி அதிரும் தூணில் குமிழிகள் இறங்கி ஏறும் சுழற்சியைப் பற்றி எழுதியது. 1966-இல் ஜேம்சனும் கேம்பிரிட்ஜின் டேவிட்சனும் ஒற்றைக் குமிழியை வைத்துக் கோட்பாட்டையும் சோதனையையும் ஒப்பிட்டார்கள். இந்த ஜேம்சன்தான் பிற்காலத்தில் தாது பிரிக்கும் ஆலைகளில் பெயர் போன ஜேம்சன் செல்லை வடிவமைத்தவர். குமிழியை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு ஒருநாள் அது கூலி கொடுக்கும் என்பதற்கு அவர் சாட்சி.

இனி சிறிதாக்குவது. குமிழிக்கு என்று ஒரு சொந்த அதிர்வெண் உண்டு என்று படித்திருப்பீர்கள்; 1933-இல் மின்னார்ட் சொன்னது. நீரோடை சலசலப்பது அதனால்தான். ஆனால் 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழிக்கு அது 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். நீங்கள் கொடுப்பதோ 50, 100 ஹெர்ட்ஸ். ரிப்போர்ட்டுகளில் மின்னார்ட் சமன்பாட்டை ஒரு பக்கம் எழுதிவிட்டு, மறுபக்கம் 60 ஹெர்ட்ஸில் 'ஒத்ததிர்வு கண்டோம்' என்று எழுதுகிறீர்கள். இரண்டும் ஒட்டவில்லையே என்று ஒருவருக்கும் உறுத்தவில்லை.

உறுத்தியிருந்தால் வேறொரு கதவு திறந்திருக்கும். மின்னார்ட் சொன்னது குமிழி மொத்தமாக உப்பிச் சுருங்கும் அசைவு. அதற்குத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் உள்ளே இருக்கும் காற்று. குமிழிக்கு இன்னொரு அசைவும் உண்டு: உருண்டை நீள்வட்டமாகி, தட்டையாகி, மீண்டும் நீளும் அசைவு. அதற்கு ஸ்பிரிங் பரப்பு இழுவிசை மட்டுமே; காற்றை விட எவ்வளவோ தொளதொள ஸ்பிரிங். லாம்ப் கொடுத்த சூத்திரத்தில் தண்ணீருக்கான எண்களைப் போடுங்கள். ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 150 ஹெர்ட்ஸ். ஒன்றரை என்றால் 80. 2 மில்லிமீட்டர் என்றால் 52. உங்கள் ஸ்பார்ஜர் விடும் குமிழிகள் பெரும்பாலும் எந்த அளவு? 3 முதல் 5 மில்லிமீட்டர் விட்டம். ஆக உங்கள் மோட்டாரின் அதிர்வெண் குமிழியின் மூச்சைப் பிடிக்கவில்லை, அதன் இடுப்பைப் பிடித்து முறுக்குகிறது. பலமாக முறுக்கினால் இடுப்பு ஒடிகிறது. ஒடிந்த துண்டு சிறியது, அதன் சொந்த அதிர்வெண் ஏறிவிட்டது, அதே மோட்டார் இனி அதை அவ்வளவு எளிதில் ஒடிக்காது. எந்த அளவில் உடைப்பு நிற்கிறது என்பதைக் கேமராவில் பிடித்தாலே ஒரு புராஜெக்ட் ஆகிவிடும். இதுவரை ஒருவரும் கொண்டுவரவில்லை.

அடுத்த சங்கதி தூண் முழுவதையும் பற்றியது, எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு மோட்டார் வேண்டாம், பீங்கான் கோப்பை போதும். கொதிக்கும் வெந்நீரை ஊற்றி, இன்ஸ்டன்ட் காபித்தூள் போட்டு ஒரு கலக்குக் கலக்கி, உடனே கோப்பையின் அடியைக் கரண்டியால் தட்டிக்கொண்டே இருங்கள். முதலில் தாழ்ந்த சுருதி கேட்கும். தட்டத் தட்ட, குமிழிகள் வெளியேற வெளியேற, சுருதி ஏறிக்கொண்டே போகும். பெர்க்லியின் ஃபிராங்க் கிராஃபோர்ட் 1982-இல் இதற்கு 'ஹாட் சாக்லேட் எஃபெக்ட்' என்று பெயர் வைத்து விளக்கினார். தண்ணீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,480 மீட்டர், காற்றில் 340. பத்தில் ஒரு பங்கு காற்றுக்குமிழி கலந்த தண்ணீரில்? இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் எண் என்றுதான் தோன்றும். சுமார் 40 மீட்டர்தான். மணிக்கு 140 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஒரு கார் ஒலியை முந்திவிடலாம். தண்ணீர் எடையைக் கொடுக்கிறது, குமிழி நெகிழ்வைக் கொடுக்கிறது. கனமாகவும் மிருதுவாகவும் இருக்கும் ஒன்றில் அலை தள்ளாடித்தான் போகும். 1930-இல் ஏ.பி. வுட் எழுதிய எளிய சூத்திரம் இது.

இதை உங்கள் தூணில் வைத்துப் பாருங்கள். அடியில் பிஸ்டன், மேலே திறந்த பரப்பு, 1 மீட்டர் உயரம். கால் அலைநீளக் கணக்கில் தூணின் சொந்த அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ். அடுத்தது 30, அதற்கடுத்து 50. எல்லாம் உங்கள் மோட்டாரின் எல்லைக்குள். தூணே ஒரு வாத்தியமாகிவிடுகிறது. உள்ளே நிலையலை எழும்பி, அழுத்தம் மிகுந்து ஊசலாடும் அடுக்குகளில் குமிழிகள் சிக்கித் தேங்குகின்றன.

இங்கே ஒரு வம்பு இருக்கிறது. ரோட்டாமீட்டரைத் திருகிக் காற்றைக் குறைக்கிறீர்கள். உள்ளிருக்கும் காற்று 10 சதவீதத்திலிருந்து 5 ஆகிறது. ஒலிவேகம் 40-லிருந்து 54-க்குத் தாவுகிறது. 50 ஹெர்ட்ஸில் சுருதி சேர்ந்திருந்த தூண் இப்போது சேரவில்லை. மிருதங்கத்தின் தொப்பியில் அப்பிய ரவை காயக் காயச் சுருதி நழுவுமே, அதே கதை. ஒரே அதிர்வெண்ணை வைத்துக்கொண்டு ஐந்து காற்றளவுகளுக்கு வரைபடம் போட்டு, 'காற்று குறைந்தால் அதிர்வின் பலன் குறைகிறது' என்று எழுதுகிறவர், சுருதி சேர்ந்த மிருதங்கத்தையும் சேராத மிருதங்கத்தையும் வாசித்துவிட்டு வாசித்தவரின் கையைக் குறை சொல்கிறார். ஒவ்வொரு காற்றளவிலும் அதிர்வெண்ணை மேலும் கீழும் ஓட்டிப் பார்க்க வேண்டும். வேறு வழியில்லை.

அப்படி ஓட்டிப் பார்த்தவர்கள் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ராஜாமணி கிருஷ்ணாவும் எல்லன்பெர்கரும். பல்கூறு நிறைப் பரிமாற்றத்துக்கு நீங்கள் புரட்டும் டெய்லர்–கிருஷ்ணா புத்தகத்தின் கிருஷ்ணாதான். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் செய்த சோதனைகளில் கவனிக்க வேண்டியது, முழுத் தூணையும் குலுக்கவில்லை என்பது. அடியை ஒரு ரப்பர் சவ்வால் மூடி, அந்தச் சவ்வை மட்டும் ஷேக்கரால் ஆட்டினார்கள். 40 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான மெல்லிய அதிர்விலேயே நாசிலில் பிறக்கும் குமிழியின் அளவு கிட்டத்தட்டப் பாதியானது, உள்ளிருக்கும் காற்றின் பங்கு இரட்டிப்பானது, கே.எல்.ஏ. இரண்டு மடங்கும் அதற்கு மேலும் போனது. குமிழிகள் நிலையலையில் சிக்கி மெதுவாக ஏறுவதே முக்கியக் காரணம் என்றார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இந்தக் கட்டுரைகளுக்கு மேற்கோள் எண் போடுகிறீர்கள். ரப்பர் சவ்வை மட்டும் விட்டுவிடுகிறீர்கள்.

எதிர்வாதமும் சொல்லிவிடுகிறேன். 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் நார்வேக்காரர் கார்ல் ஆன்டன் பியர்க்னெஸ், மகன் வில்ஹெல்மோடு சேர்ந்து ஒரு வேடிக்கை காட்டினார். தண்ணீருக்குள் ஒரே தாளத்தில் உப்பிச் சுருங்கும் இரண்டு பந்துகள் ஒன்றையொன்று இழுத்தன. அவர் காட்ட நினைத்தது மின்காந்த விசைக்கு ஓர் உவமை. அந்த மகன் பின்னாளில் வானிலை முன்னறிவிப்பின் முன்னோடியாகிவிட்டார். உவமை காலாவதியாகிவிட்டது, விசை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. உங்கள் தூணில் பக்கத்துப் பக்கத்துக் குமிழிகளும் ஒரே தாளத்தில்தான் துடிக்கின்றன. அதனால் ஒட்டிக்கொள்ளப் பார்க்கின்றன. தேங்கும் அடுக்கில் கூட்டம் வேறு. உடைத்த கையே சேர்த்தும் வைக்கும். குழாய்த் தண்ணீரில் ஒரு பாடு, உப்புத் தண்ணீரில் ஒரு பாடு, சோப்புக் கலந்தால் வேறு பாடு. பரிசோதனை நடுவே தண்ணீர் கேனை மாற்றிவிட்டு அதைக் குறிப்பேட்டில் எழுதாத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

என் சொந்தக் கதை ஒன்று. எம்.டெக். படித்த நாளில் நானும் இதே வேலையைச் செய்தேன். கான்கிரீட் போடும் இடத்தில் இருந்து இரவல் வாங்கிய வைப்ரேட்டர், ஆங்கிள் சட்டத்தில் கட்டிய தூண். நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை விரட்டு, காற்றைத் திற, டி.ஓ. புரோப் ஏறுவதைக் குறித்துக்கொள். அதிர்வு போட்டதும் வளைகோடு ஜிவ்வென்று ஏறியது. அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் ஃபிளாஞ்சு போல்ட்டெல்லாம் கழன்று தரையெல்லாம் தண்ணீர். அதைத் துடைத்துவிட்டு, கம்ப்ரசர் ஓடாத நேரத்தில், ஏற்கெனவே ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரில் புரோப்பை வைத்துச் சும்மா வைப்ரேட்டரைப் போட்டுப் பார்த்தேன். எண் ஏறியது. காற்றே இல்லை, எண் மட்டும் ஏறியது.

கிளார்க் வகைப் புரோப் ஆக்சிஜனைத் தானே தின்று அளக்கும். அதன் சவ்வுக்கு முன்னால் தேங்கிய தண்ணீர் நகராவிட்டால் குறைத்துச் சொல்லும். குலுக்கினால் தேக்கம் கலைந்து கூட்டிச் சொல்லும். பல நாள் நான் அளந்தது தூணை அல்ல, புரோப்பை. அதோடு புரோப்பின் சோம்பலும் உண்டு. மேலோட்டக் காற்று வேகம் விநாடிக்கு 1 சென்டிமீட்டர் என்றால் வழக்கமான சூத்திரப்படி கே.எல்.ஏ. விநாடிக்கு 0.013 அளவில் வரும். தண்ணீர் 63 சதவீதம் நிறைய 80 விநாடி. அதிர்வில் இரட்டித்தால் 40. பழைய சவ்வு போட்ட புரோப் தானே 15, 20 விநாடி எடுத்துக்கொண்டால், மீதியில் எது தண்ணீர், எது புரோப்?

தண்ணீரின் மேற்பரப்பையும் மறந்துவிடுகிறீர்கள். செங்குத்தாக ஆட்டிய தண்ணீரின் முகத்தில் கட்டம் கட்டமாக அலை எழும்பும். 1831-இல் ஃபாரடே கவனித்தது. பலமாக ஆட்டினால் அந்த அலை உடைந்து மேலிருந்தே காற்றை உள்ளே இழுக்கும், இழுத்த குமிழி நான் சொன்ன விதத்தில் கீழே முங்கவும் செய்யும். ஸ்பார்ஜருக்கு அதில் ஒரு பங்குமில்லை. உள்ளிருக்கும் காற்றின் பங்கு, அதாவது ஹோல்டப், இரட்டித்ததே என்று மகிழ்வதிலும் ஒரு பொறி உண்டு. 1 மில்லிமீட்டர் குமிழியை ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் அரை நிமிடம் பிடித்து வைத்தால், அதிலிருந்த ஆக்சிஜனில் பெரும்பகுதி போய்விடும். பிறகு அங்கே தொங்குவது வெறும் நைட்ரஜன் உருண்டை. இடத்தை அடைத்துக்கொள்ளும், கண்ணுக்கு அழகாக இருக்கும், ஒன்றையும் கொடுக்காது.

கடைசியாகக் காசு. 10 சென்டிமீட்டர் விட்டம், 1 மீட்டர் உயரத் தூணில் கிட்டத்தட்ட 8 லிட்டர் தண்ணீர். விநாடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் காற்று, அதாவது நிமிடத்துக்கு 5 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் காற்று தண்ணீருக்குக் கொடுக்கும் ஆற்றல் முக்கால் வாட். அதிர்வே இல்லாமல் கே.எல்.ஏ.-வை இரட்டிக்க என்ன செய்ய வேண்டும்? கே.எல்.ஏ. காற்று வேகத்தின் 0.7 அடுக்காக ஏறுகிறது. ஆகவே காற்றை 2.7 மடங்காக்கினால் போதும். கூடுதல் செலவு ஒன்றேகால் வாட் சொச்சம். கம்ப்ரசர் முக்கால்வாசியை வீணடித்தாலும் கைபேசி சார்ஜரைத் தாண்டாது. இப்போது முழுத் தூணையும் 5 மடங்கு முடுக்கத்தில் குலுக்குங்கள். 8 லிட்டர் தண்ணீருக்கு மட்டுமே ஒவ்வொரு சுற்றிலும் உச்சத்தில் 40 கிலோ மூட்டையைத் தூக்கும் அளவு விசை வேண்டும். குழாய், ஃபிளாஞ்சு, சட்டம் தனி. அந்த மோட்டாரின் தகட்டில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது என்று கேட்டால், இதுவரை ஒரு குழுதான் பதில் சொன்னது. மற்றவர்கள் குனிந்து பார்த்தார்கள்.

அதற்காக அதிர்வே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1935-இல் வான் டைக் காப்புரிமை பெற்ற துடிப்புத் தூண், அணு எரிபொருள் மறுசெயலாக்கத்தில் நிலைத்த இடம் பிடித்தது. கதிர்வீச்சுத் தடுப்புச் சுவருக்கு உள்ளே சுழலும் பாகம் எதுவுமின்றி, வெளியிலிருந்து துடிப்பை மட்டும் அனுப்பித் திரவங்களைக் கலக்க முடிந்ததால். அங்கே வாட் கணக்கை யாரும் கேட்பதில்லை, பழுதுபார்க்க உள்ளே போக முடியாது என்பதே கணக்கு. காற்று மலிவாகவும் தண்ணீர் ஏராளமாகவும் இருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கு இதைப் பரிந்துரைத்து எழுதாதீர்கள். அரிய வாயு, அடர்ந்த திரவம், சிறிய உலை, அதிகக் காற்றை விட்டால் நுரைத்துப் பொங்கிவிடும் நொதித்தல் என்று தேடுங்கள். காற்றை 2.7 மடங்காக்க முடியாத இடத்தில்தான் அதிர்வுக்கு வேலை.

தூணை இடுப்பில் கட்டிக் குலுக்குவதை விட்டு, அடியில் ஒரு சவ்வைப் போடுங்கள். பழைய ஸ்பீக்கர் ஒன்றும் ஆம்ப்ளிஃபயரும் இருந்தால் ஆரம்பிக்கப் போதும். அதிர்வெண்ணை விரலால் திருகலாம். ஒரு கைபேசியை ஸ்லோ மோஷனில் வைத்துக் குமிழியின் இடுப்பு ஒடிவதைப் படம் பிடியுங்கள். ஆம்ப்ளிஃபயர் வாயில் ஒரு வாட்மீட்டர் மாட்டுங்கள்.

ஏப்ரலில் பார்ப்போம். உங்கள் வரைபடங்களை நான் கடைசியில்தான் புரட்டுவேன். முதல் கேள்வி இப்போதே தருகிறேன், ஒன்பது மாதம் இருக்கிறது: காற்றை மூடிவிட்டு, அதிர்வை மட்டும் போட்டபோது புரோப் என்ன காட்டியது?

அன்புடன்,
உங்கள் வெளித்தேர்வாளர்